வந்ததை அப்படியே அனுப்புகிறவர்களுக்கு

"எனக்கு வந்ததை அப்படியே அனுப்புகிறேன்." கைப்பேசியில் நாள்தோறும் வந்து குவியும் செய்திகள் பலவற்றின் தலையிலோ வாலிலோ இந்த வாசகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார்வைக்கு அடக்கமான வாசகம். 'இதை எழுதியவன் நானல்லன். இதன் மெய்க்கும் பொய்க்கும் நான் பொறுப்பல்லன். இடையில் நிற்கும் வெறும் வழிப்போக்கன்' என்று அது பணிவோடு சொல்லிக்கொள்கிறது. அந்தப் பணிவுக்குள்ளே ஒளிந்திருப்பது பெரும் பித்தலாட்டம். பிலாத்து தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கை கழுவியதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. அவனாவது மக்கள் கூட்டத்தின் முன்னே நின்று கழுவினான். நாம் கூட்டத்துக்குப் பின்னே மறைந்து நின்று கழுவுகிறோம்.

இணையத்தில் பொறுப்போடு நடந்துகொள்வது எப்படி என்று இன்று பள்ளிகளில் பாடம் நடத்துகிறார்கள். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே; முன்பின் அறியாதவரை நம்பாதே; உன் படத்தை எல்லாரும் பார்க்கும்படி வைக்காதே. பயனுள்ள அறிவுரைகள்தாம். ஆனால் இவை அனைத்தும் பிறரிடமிருந்து நம்மைக் காத்துக்கொள்ளும் வழிகள். நம்மிடமிருந்து பிறரைக் காப்பது எப்படி என்னும் பாடம் அரிதாகவே நடத்தப்படுகிறது. குடிமை என்பது அந்தப் பாடத்தில்தான் தொடங்குகிறது. அதன் முதல் வரி இப்படி இருக்க வேண்டும்: ஒரு செய்தியைப் பிறருக்கு அனுப்புகிறவர் அந்தச் செய்திக்குச் சாட்சி சொல்கிறார். எழுதியவர் யாராயினும், அனுப்பிய அந்தக் கணத்தில் அது அனுப்பியவருடைய வாக்குமூலம் ஆகிவிடுகிறது. இதை மறுப்பவர்களோடுதான் இக்கட்டுரை வாதாட விரும்புகிறது.

நடந்ததை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 2018ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், சென்னையிலிருந்து ஒரு குடும்பம் தன் குலதெய்வக் கோயிலைத் தேடித் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போயிற்று. மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினரும் அவர்களோடு இருந்தனர். போளூரை அடுத்த அத்திமூரில் வழி கேட்பதற்காக வண்டியை நிறுத்தினார்கள். வண்டியில் இருந்த 65 வயது மூதாட்டி, அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளைகளைக் கண்டால் கையில் இருப்பதைக் கொடுப்பது நம் வீட்டுப் பாட்டிமார் எல்லாருக்கும் உள்ள பழக்கம். அந்தப் பழக்கமே அவருக்கு எமனாயிற்று. பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்துவிட்டது என்று எவரோ கூவ, ஊர் திரண்டது. மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயமுற்றார்கள். அதே நாள்களில் பழவேற்காட்டில், வீடு வாசலின்றித் திரிந்த ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். அவர்மீதும் அதே ஐயம்தான்.

தமிழ்நாட்டோடு அது நிற்கவில்லை. 2018 ஜூன் 8ஆம் நாள் அசாமின் கார்பி ஆங்லாங் மாவட்டத்தில் இரண்டு இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். ஜூலை முதல் நாள், மகாராட்டிரத்தின் துளே மாவட்டத்திலுள்ள ரெயின்பாடா என்னும் சிற்றூரில், ஊர் ஊராகச் சென்று பிழைக்கும் நாடோடிச் சமுதாயத்தைச் சேர்ந்த ஐவர் ஒரே நாளில் அடித்துக் கொல்லப்பட்டார்கள். வாரச் சந்தையில் ஒரு குழந்தையோடு பேசியதுதான் அவர்கள் செய்த குற்றம். அடிக்குத் தப்ப அவர்கள் அடைக்கப்பட்டிருந்த இடம் ஊராட்சி அலுவலகத்து அறை. கதவை உடைத்து உள்ளே புகுந்தது கூட்டம்.

இத்தனை ஊர்களில், இத்தனை மொழி பேசும் மக்களிடையே, ஒரே அச்சம் ஒரே பருவத்தில் எப்படி மூண்டது? அந்த மாதங்களில் வாட்ஸ்அப் வழியே ஒரு காணொளி நாடெங்கும் சுற்றியது. இருசக்கர ஊர்தியில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு விரைவதை அது காட்டியது. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரத்தில், குழந்தைகளைக் காக்கும் தொண்டு அமைப்பு ஒன்றுக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். படத்தின் முடிவில் அந்த இருவரும் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு, பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுமாறு பெற்றோரை எச்சரிக்கும் அட்டையை உயர்த்திக் காட்டுவார்கள். யாரோ ஒருவன் அந்த முடிவை வெட்டி எறிந்தான். குழந்தைகளைக் காப்பதற்காக எடுத்த படம், குழந்தைகளிடம் அன்பு காட்டியவர்களைக் கொல்வதற்குக் கருவியாயிற்று.

வெட்டியவன் ஒருவன். அனுப்பியவர்கள் எத்தனை பேர்? அடித்தவர்களைக் காவல்துறை தேடிப் பிடித்தது. வழக்குகள் நடந்தன. 2018 ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம் கும்பல் கொலைகளைத் தடுப்பதற்கென்று அரசுகளுக்கு விரிவான கட்டளைகளை வழங்கியது. எல்லாம் சரியே. ஆனால் அத்திமூரில் உயர்ந்த கைகளுக்குப் பின்னால், அந்தக் கைகளுக்கு அச்சத்தையும் ஆத்திரத்தையும் ஊட்டிய விரல்கள் இருந்தனவே, அவை எங்கே போயின? அவற்றுக்கு உரியவர்கள் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ஓய்வுபெற்ற அலுவலர்கள், பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள். கோழியைக் கூட அடிக்க மனமில்லாத சாது மனிதர்கள். மறுநாள் நாளிதழில் அந்தக் கொலையைப் படித்து 'என்ன கொடுமை!' என்று அவர்களும் வருந்தியிருப்பார்கள். அந்தக் கொலைக்கும் தமக்கும் உறவு உண்டு என்ற நினைப்பே அவர்களுக்கு எழுந்திராது. கொலைகாரனுக்காவது குற்ற உணர்வு உறுத்தக்கூடும். வந்ததை அனுப்பியவருக்கோ அதற்கும் வழியில்லை.

"நல்ல எண்ணத்தில்தானே அனுப்பினோம்? ஒருவேளை உண்மையாக இருந்து, ஒரு குழந்தையாவது காப்பாற்றப்பட்டால் நல்லதுதானே?" என்று கேட்கிறார்கள். இந்த வாதம் நம்மில் பலரை மயக்குகிறது. ஆகவே சற்று நின்று பதில் சொல்வோம். ஓர் ஊரில் பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுகிறார்கள் என்று ஒருவர் மெய்யாகவே நம்பினால், அவர் செய்ய வேண்டியது என்ன? குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. அவசர உதவிக்கு 112 இருக்கிறது. அழைப்பதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. அப்படி அழைக்காமல், முந்நூறு பேர் கொண்ட குழுவுக்கு அதை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறவர், அந்தச் செய்தியை உண்மையில் நம்பினாரா? நம்பியிருந்தால் காவல்துறைக்கு ஏன் சொல்லவில்லை? நம்பவில்லையென்றால் முந்நூறு பேருக்கு ஏன் சொன்னார்? இந்த இரண்டு வினாக்களில் ஏதேனும் ஒன்றுக்கு அவர் விடை சொல்லியாக வேண்டும்.

நல்லெண்ணம் என்பது மனத்தில் தோன்றும் ஈரம் மட்டும் அன்று. அது கொஞ்சம் உழைப்பையும் கேட்கும். பசித்தவனுக்கு உணவிடுகிறவர், அந்த உணவு கெட்டுப்போனதா என்று முகர்ந்து பார்த்த பிறகே இடுகிறார். பாராமல் இட்டு, உண்டவன் மாண்ட பிறகு 'நல்ல எண்ணத்தில்தானே இட்டேன்' என்று சொன்னால் ஊர் ஒப்புக்கொள்ளுமா? வயிற்றுக்கு இடுவதில் காட்டும் கவனத்தைச் செவிக்கு இடுவதில் காட்டக் கூடாதா?

இன்னொரு சாரார் பழியைக் கருவியின்மீது போடுகிறார்கள். கைப்பேசி கெடுத்தது, வாட்ஸ்அப் கெடுத்தது, முகநூல் கெடுத்தது என்கிறார்கள். அந்த நிறுவனங்கள் குற்றமற்றவை என்று நான் வாதாட வரவில்லை. மனிதரின் சினமும் அச்சமும் அவற்றுக்கு வருவாய். ஆனால் கருவியைத் திட்டிவிட்டு அதே கருவியில் அடுத்த பொய்யை அனுப்புவது என்ன நேர்மை? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் மூவர், 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் உலவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளின் பயணத்தை ஆராய்ந்து, 2018 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். பொய்ச் செய்தி மறுபடி பகிரப்படும் வாய்ப்பு, உண்மைச் செய்திக்கு உள்ளதைவிட 70 விழுக்காடு கூடுதல் என்று கண்டார்கள். ஆயிரத்து ஐந்நூறு பேரைச் சென்றடைய, உண்மைக்குப் பொய்யைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு காலம் ஆயிற்று. தானாக இயங்கும் எந்திரக் கணக்குகளே இதற்குக் காரணமோ என்று ஐயுற்று அவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தார்கள். முடிவு மாறவில்லை. எந்திரம் பொய்யையும் மெய்யையும் ஒரே அளவில் பரப்பியது. பொய்யைத் தேர்ந்தெடுத்து ஓடிப்போய்ப் பரப்பியவன் மனிதன்.

ஏன்? பொய் புதுமையாக இருக்கிறது, வியப்பூட்டுகிறது, அருவருப்பூட்டுகிறது. உண்மை பெரும்பாலும் பழகிய முகத்தோடு வருகிறது. புதிய செய்தியை முதலில் சொன்னவர் என்ற பெருமை மனிதனுக்கு வெல்லம் போன்றது. 'உங்களுக்குத் தெரியுமா?' என்று தொடங்குகிறவருக்குத் திண்ணையில் எப்போதும் மரியாதை உண்டு. அந்தப் பழைய ஆசைக்குப் புதிய கருவி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். திண்ணையில் பத்துப் பேர் கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவராவது 'நீ பார்த்தாயா?' என்று கேட்டார். இன்றைய திண்ணையில் பத்தாயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த ஒருவரைத்தான் காணவில்லை.

அரசும் நிறுவனமும் தத்தமக்குத் தெரிந்த வழியில் அணை போட்டுப் பார்த்தன. 2012 ஆகஸ்டில், தங்களைத் தாக்கப் போகிறார்கள் என்ற வதந்தியை நம்பி, வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் பெங்களூரிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் இரயிலேறினார்கள். அப்போது குறுஞ்செய்திகளே வதந்தியின் வாகனம். நாளொன்றுக்கு ஐந்து குறுஞ்செய்திக்குமேல் அனுப்பக் கூடாது என்று நடுவணரசு சில நாள்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆறு ஆண்டுகள் கழிந்து, 2018இன் கொலைகளுக்குப் பிறகு, வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மட்டுமே பகிரலாம் என்று வரம்பு கட்டியது. பகிரப்பட்ட செய்தி என்று காட்டும் அடையாளத்தையும் அவ்வாண்டே சேர்த்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கியது. மீண்டும் மீண்டும் எண்ணிக்கைக்கே வேலி. எத்தனை பேருக்கு அனுப்பலாம் என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். அனுப்பலாமா என்னும் வினா நம் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. வேலியின் இடுக்கில் நுழைந்து ஐந்தைந்தாக அனுப்பிக்கொண்டிருப்பவரை எந்த நிறுவனமும் திருத்த முடியாது.

அனுப்புகிறவர் சாட்சி என்று சொன்னேன். சாட்சி என்பதற்குச் சட்டம் வகுத்த இலக்கணத்தைப் பாருங்கள். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்றது. கண்டதைச் சொல்கிறவர் தம் கண்ணால் கண்டிருக்க வேண்டும். கேட்டதைச் சொல்கிறவர் தம் காதால் கேட்டிருக்க வேண்டும். 'அவர் சொன்னதாக இவர் சொன்னார்' என்பது, சில விதிவிலக்குகள் நீங்கலாக, நீதிமன்றப் படியேறாது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் நாளன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் இந்த நெறி அப்படியே இருக்கிறது. ஆட்டுத் திருட்டு வழக்கில்கூட செவிவழிச் செய்தியை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது. ஆனால் அயலாரின் மானத்தையும் உயிரையும் செவிவழிச் செய்தியை வைத்து நாம் காலைக் காப்பி ஆறுவதற்குள் தீர்ப்பிட்டு விடுகிறோம்.

'படிக்காமல் பகிர்ந்துவிட்டேன்' என்பதும் இனிச் செல்லாத காசு. 2018 ஏப்ரலில், திரைப்பட நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான ஒருவர், பெண் இதழாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றைத் தம் முகநூல் பக்கத்தில் பகிர்ந்தார். எழுதியவர் வேறொருவர், தாம் படிக்காமல் பகிர்ந்ததாகவும், தெரிந்ததும் நீக்கி மன்னிப்புக் கேட்டதாகவும் அவர் வாதிட்டார். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்மீதான வழக்குகளை நீக்க மறுத்தது. பகிரப்பட்ட செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு. கையில் இருக்கும்வரைதான் அது நம் வசம். விட்ட பிறகு அதன் விளைவை விட்டவரே ஏற்க வேண்டும் என்ற கருத்தில் நீதியரசர் தீர்ப்பெழுதினார். மறு மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. எழுதியவன் மட்டுமே குற்றவாளி, ஏந்திச் சென்றவன் நிரபராதி என்ற வாதத்தை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. நம் மனசாட்சி மட்டும் ஏற்கலாமா?

கொலையும் வழக்கும் வந்தால்தான் தீங்கு என்று எண்ண வேண்டாம். 2020ஆம் ஆண்டின் பிப்ரவரியிலும் மார்ச்சிலும், கோழிக்கறி தின்றால் கொரோனா பற்றும் என்ற செய்தி கைப்பேசிகளில் பறந்தது. அதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை என்று அரசுத் துறைகள் விளக்கம் சொல்லிச் சொல்லி ஓய்ந்தன. நாமக்கல்லில் முட்டை தேங்கியது. கறிக்கோழியின் விலை சரிந்தது. கடன் வாங்கிப் பண்ணை வைத்தவர்களும், தீவனம் சுமந்து கூலி பெற்றவர்களும் ஊரடங்கு வருவதற்கு முன்பே முடங்கினார்கள். அந்தச் செய்தியை அனுப்பியவர்களுக்கு நாமக்கல் பண்ணையாளர்மீது என்ன பகை? ஒன்றுமில்லை. பகையே இல்லாமல் ஒருவர் வயிற்றில் அடிக்க முடியும் என்பதைத்தான் அந்த நாள்கள் காட்டின.

2023 மார்ச்சில் நம் மாநிலத்தின் பெயரே பணயமாயிற்று. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தேடித் தேடித் தாக்குகிறார்கள் என்று சில காணொளிகள் வட மாநிலங்களில் பரவின. அவற்றுள் ஒன்று பீகார்த் தொழிலாளர்களில் இரு பிரிவினர் தமக்குள் மோதிக்கொண்டது. இன்னொன்று கோவையில் உள்ளூர்வாசிகள் இருவரிடையே நடந்த தகராறு என்று தமிழகக் காவல்துறைத் தலைவர் விளக்கினார். பீகார் அரசு அலுவலர் குழு ஒன்றை இங்கே அனுப்பி நேரில் விசாரித்தது. ஆயினும் ஹோலிப் பண்டிகைக்கு ஊர் செல்லும் கூட்டத்தோடு, அஞ்சி ஓடும் கூட்டமும் கலந்து இரயிலேறியது. அப்போது நாம் கொதித்தோம். நம்மைப் பற்றி ஆராயாமல் இப்படிப் பொய் பரப்பலாமா என்று கேட்டோம். நியாயமான கேள்வி. வேற்று மாநிலத்தவரே பிள்ளை பிடிப்பவர்கள் என்ற பொய்யை 2018இல் ஆராயாமல் பரப்பியபோது அந்தக் கேள்வி நமக்குள் ஏன் எழவில்லை?

அச்சத்தாலும் ஆத்திரத்தாலும் மட்டுமன்றி, இரக்கத்தின் பெயராலும் கொடுமை செய்கிறோம். 2019இல் பொள்ளாச்சிக் கொடுமை வெளிவந்தபோது, துன்புற்ற பெண்ணின் கதறல் அடங்கிய காணொளித் துணுக்கு எண்ணற்ற கைப்பேசிகளில் உலவியது. அனுப்பியவர்கள் எல்லாரும் 'நீதி வேண்டும்' என்று எழுதித்தான் அனுப்பினார்கள். பாலியல் கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடை செய்கிறது. அதன் கருத்து எளியது: அவருக்கு நேர்ந்த கொடுமையை மீண்டும் ஒருமுறை நிகழ்த்தாதே என்பதுதான். ஒவ்வொரு முறை அந்தக் குரல் ஒலிக்கும்போதும் அந்தப் பெண் இன்னொரு முறை அந்த அறைக்குள் இழுத்துச் செல்லப்பட்டார். குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் 2025 மே 13 அன்று சாகும்வரை சிறை என்று தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்பைப் பெற்றுத் தந்தவை நீதிமன்றத்தில் துணிந்து பேசிய சாட்சியங்கள். நம் கைப்பேசியில் ஓடிய துணுக்குகள் அல்ல. விபத்தில் சிதைந்த உடலையும், மருத்துவமனையில் துடிக்கும் குழந்தையையும் படமெடுத்து அனுப்புகிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் படத்தில் இருப்பவர் நம் வீட்டுப் பிள்ளையானால் அதை அனுப்புவோமா?

"அப்படியானால் வாய் திறக்காமல் இருக்கச் சொல்கிறீர்களா? அநியாயத்தை உலகுக்குக் காட்ட ஏழைக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் இந்தக் கைப்பேசிதானே?" என்று சிலர் கேட்பார்கள். மெத்தச் சரியான கேள்வி. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில், ஆலையை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பதின்மூவர் மாண்டார்கள். வண்டியின்மீது ஏறி நின்று துப்பாக்கியை நீட்டிய காவலரை உலகுக்குக் காட்டியது ஒரு காணொளிதான். அந்தப் பதிவு இல்லையேல் அந்த நாளின் உண்மை பாதி புதைந்திருக்கும். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. வதந்தியைத் தடுக்கிறோம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இங்கேதான் என் வாதத்தின் உயிர்நிலை இருக்கிறது. அத்திமூருக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருந்தது இரண்டே வார இடைவெளி. ஒரே கைப்பேசி, ஒரே வாட்ஸ்அப். முன்னதில் ஒரு பொய் ஒரு மூதாட்டியைக் கொன்றது. பின்னதில் ஓர் உண்மை மாண்டவர்களுக்காகப் பேசியது. பொய்யை நாள்தோறும் பரப்பிப் பழகிய சமுதாயத்தில், உண்மையான காணொளி வரும்போது அதிகாரத்தில் உள்ளவர் மிக எளிதாகச் சொல்லிவிடலாம்: 'இதுவும் வதந்தி.' பொய்யைப் பகிர்கிறவர், நாளை ஏதோவோர் ஏழை தன் கையில் ஏந்தி வரும் உண்மைச் சான்றின் மதிப்பை இன்றே குறைத்துவிடுகிறார். இணையத்தைத் துண்டிக்க அரசுக்குக் காரணமும் தேடித் தருகிறார். பேசுவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கியது. சட்டத்தின் கயிறு அறுந்ததை நான் வரவேற்கிறேன். நாவை அரசு கட்டக் கூடாது என்பவர், அதைத் தாமே காக்கக் கற்றிருக்க வேண்டும்.

இனி வரும் காலம் இன்னும் கடினமானது. 2023 மார்ச்சில், திருத்தந்தை பிரான்சிஸ் பஞ்சு வைத்துத் தைத்த பெரிய வெண்ணிற மேலங்கி அணிந்து உலா வருவதுபோன்ற படம் உலகெங்கும் பரவியது. செயற்கை நுண்ணறிவு வரைந்த படம் அது. கற்றவர்களும் நம்பினார்கள். அது வெறும் வேடிக்கையாகப் போயிற்று. இன்று ஒருவருடைய குரலையே எந்திரம் பேசிக் காட்டுகிறது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற பழமொழியை நாம் இதுவரை மிகைக் கூற்று என்று எண்ணியிருந்தோம். அது சொல்லுக்குச் சொல் நிறைவேறும் நாள் வந்துவிட்டது. விசாரிக்க நேரமில்லையா? அனுப்பவும் நேரமில்லாமல் இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை எளியவை. எந்த ஊர், எந்த நாள், யார் பார்த்தார் என்ற மூன்றுக்கும் விடையில்லாத செய்தியைத் தொடாதிருத்தல். 'உடனே எல்லாருக்கும் அனுப்புங்கள்' என்று அவசரப்படுத்தும் செய்தியை அந்த அவசரத்துக்காகவே ஐயுறுதல். துன்பத்தில் இருப்பவரின் முகத்தை அவர் இசைவின்றிக் காட்டாதிருத்தல். அனுப்பியது பொய்யென்று தெரிந்தால், கமுக்கமாக அழித்துவிட்டு ஒதுங்காமல், யார் யாருக்கு அனுப்பினோமோ அவர்கள் அத்தனை பேருக்கும் 'அது தவறு' என்று எழுதுதல். பொய்யை எந்தக் கூரையின் மேல் ஏறிக் கூவினோமோ, மறுப்பையும் அதே கூரையின் மேல் ஏறித்தான் கூவ வேண்டும். பல பேர் தயங்குவது இந்தக் கடைசிக் கடமையில்தான்; தன்மானம் தடுக்கிறது. நம் தன்மானத்துக்காக ஒருவருடைய நற்பெயர் சேற்றிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடலாமா?

இன்னொரு தயக்கமும் உண்டு. உறவினர் குழுவில் பெரியப்பா அனுப்பியதைத் தம்பி மகன் எப்படி மறுப்பது? அன்பியக் குழுவில் மூத்தவர் ஒருவர் அனுப்பியதை இளையவர் எப்படித் திருத்துவது? மரியாதைக் குறைவாகிவிடாதா? குழுவில் எல்லார் முன்னும் இடித்துரைக்க வேண்டியதில்லை. 'ஐயா, இது உண்மையன்று, விசாரித்தேன், நீங்களே ஒரு வார்த்தை எழுதிவிட்டால் எல்லாரும் ஏற்பார்கள்' என்று தனியே சொல்லலாம். பெரியவரின் மதிப்பும் குறையாது, உண்மையும் பிழைக்கும். அப்படியும் அவர் கேளாவிட்டால், வெளிப்படையாகவே பணிவோடு மறுக்கத்தான் வேண்டும். பெரியவர்களை மதிப்பதென்பது அவர்களுடைய வாயால் பொய் பரவுவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதாகாது. பெரியவர்களும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். வீட்டில் அவர்கள் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு அவர்கள் அனுப்பும் செய்திக்கும் சேர்ந்து போகிறது. 'தாத்தாவே அனுப்பியிருக்கிறார்' என்றுதான் பேரன் நம்புகிறான். அந்த நம்பிக்கை அவர் நாற்பது ஆண்டுகள் நேர்மையாக வாழ்ந்து ஈட்டிய சொத்து. முகமறியாத ஒருவன் புனைந்த பொய்க்கு அதை ஈடு வைக்கலாமா?

'எனக்கு வந்ததை அப்படியே அனுப்புகிறேன்' என்ற வாசகத்தை இனி எழுத வேண்டாம். அதன் இடத்தில் வேறொன்றை எழுதிப் பார்ப்போம்: 'இது உண்மை என்று நான் சொல்கிறேன், தவறானால் என்னைக் கேளுங்கள்.' இப்படி எழுதிக் கீழே தம் பெயரையும் இட முடிந்த செய்தியை மட்டும் அனுப்புவோம். அப்படி எழுதக் கை கூசுமானால், அந்தச் செய்தி நம் கைப்பேசியோடு நின்றுவிடட்டும்.